மூன்றாவது பேர்

துணைமாலை அம்மன் துணை

அருப்புக்கோட்டை
விய வருஷம் வைகாசி மாதம் 24

பினாங்கில் இருக்கும் என் ராசாவுக்கும் மருமகள் பொன்னுத்தாய்க்கும் அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே சுகம் என்று முதல் வரியில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன், அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்காதே. அங்கே நீங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் எழுந்ததும் கிழக்கே பார்த்துக் கும்பிடுகிறேன், பினாங்கு கிழக்கேதான் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுத் தறிக்கார வெங்கடசாமி சொன்னான். மழை இல்லை. கோடை மழை இரண்டு தூறல் போட்டு மண்ணை நனைக்காமல் போய்விட்டது. ரேஷன் கடையில் கல்லோடு கொஞ்சம் அரிசியும் கிடைக்கிறது. நம் கடையை மூடியாகிவிட்டது, சாமான்களை மல்லாங்கிணறு வியாபாரி ஒருவர் எடுத்துக்கொண்டார், தராசை மட்டும் நான் கொடுக்கவில்லை.

போன மார்கழியில் வந்த உன் கடிதம்தான் நாலு வருஷத்துக்குப் பிறகு நீ உயிரோடு இருக்கிறாய் என்று சொன்னது. அதற்குப் பதிலாக நான் உன் அப்பாவும் சித்தப்பாவும் போன செய்தியை எழுதினேன். சித்திரைக் கடைசியில் உன் இரண்டாவது கடிதம் வந்த அன்று எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கு மூன்று வருஷமாக எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆளில்லாமல் போய்விட்டதே என்று அழுது எழுதியிருந்தாய். ஜப்பான்காரன் காலத்தில் உனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை என்பதையும் இப்போதுதான், ஒரே வரியில், எழுதியிருந்தாய். பொன்னுத்தாய் மறுபடி முழுகாமல் இருக்கிறாள், ஆவணியில் பேறுகாலம், இதுவும் போய்விடுமோ என்று பயந்து பயந்து சாகிறாள் என்றாய். உங்கள் முன்னோர்கள் பட்டினி கிடக்கிறார்கள், அதனால்தான் பிள்ளை நிற்கவில்லை, ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் மூன்று தலைமுறைக்கும் பேர் சொல்லித் தர்ப்பணம் செய் என்று அங்கே இருக்கும் ஐயர் சொன்னாராம். அப்பா பேர் தெரியும், தாத்தா பேர் தெரியும், தாத்தாவைப் பெற்றவர் பேர் தெரியவில்லை, அம்மா நீ எழுதி அனுப்பு, அவர் எப்படிப்பட்டவர் என்றும் எழுது என்று கேட்டிருக்கிறாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் ராசா. அந்தப் பேர் எனக்குத் தெரியாது. ஒரு மாதம் அலைந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பேர் இனிமேல் கிடைக்காது.

முப்பது வருஷம் வாழ்ந்த வீட்டில் மாமனாரைப் பெற்றவர் பேர் தெரியாமலா இருப்பாள் என்று நீ நினைப்பாய். நம் வீட்டுச் சங்கதி உனக்குத் தெரியாதா என்ன. புருஷன் பேர், மாமனார் பேர், அவருக்கு மேலே உள்ளவர் பேர் எதையும் இந்த வீட்டுக்கு வாழ வந்தவள் வாயால் சொல்லக் கூடாது. உனக்குத் தாத்தா பேரை வைத்துவிட்டார்கள், அதனால் பெற்ற பிள்ளையை நான் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீ தெருவில் விளையாடப் போனால் ராசா, ராசா என்று கத்துவேன், நாலு வீட்டு ராசாக்கள் வந்து நிற்பார்கள், நீ மட்டும் வரமாட்டாய். உன் அப்பா பேரில் காளி இருக்கிறது என்று காளியம்மன் கோயிலைக்கூட ஆத்தா கோயில் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். வாயில் வரக் கூடாத பேரைக் கேட்டு மனசில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. இந்த வீட்டில் பேரெல்லாம் ஆம்பிளைகளிடம் இருந்தது, கதையெல்லாம் பொம்பிளைகளிடம் இருந்தது. ஆம்பிளைகள் போய்விட்டார்கள், என்னிடம் கதைதான் இருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொன்னவர் உன் அப்பத்தா வெள்ளைத்தாய். தன் மாமனாரை அவர் 'அவுக' என்பார், அவ்வளவுதான் பேர். அந்தப் பெரியவருக்கு இடது கைக் கட்டைவிரல் மடங்காது, சின்ன வயசில் கிணற்றில் கமலை இறைக்கும்போது கயிற்றில் மாட்டி நசுங்கியது. கம்மங்கஞ்சிக்கு உப்புப் போட விடமாட்டார், உப்பு இருந்தால் இன்னும் ஒரு வாய் குடிக்கத் தோன்றும், வீண்செலவு என்பாராம். நம் பூர்வீக ஊர் பரளச்சியிலிருந்து திருச்சுழிக்கு நடந்தால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பார், தேய்ந்துவிடுமாம், ஊர் எல்லை வந்ததும் மாட்டிக்கொண்டு கம்பீரமாக உள்ளே போவாராம். உன் அப்பா கடையில் சணல் கயிற்றை முடிந்து முடிந்து சேர்த்து வைப்பாரே, அந்தக் கை அவரிடமிருந்துதான் வந்திருக்கும். இப்படிச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டே வந்து, தாது வருஷம் என்றதும் உன் அப்பத்தாவுக்கு முகம் மாறிவிடும். அந்தப் பஞ்சம் உனக்குக் கேள்விதான், அவருக்குக் கண்ணால் கண்டது. பரளச்சிக் காடு முழுக்க வெடித்துக் கிடந்ததாம். வீட்டில் இருந்தது தானியம் கொட்டி வைக்கும் மண் குலுக்கையில் விதைக்கம்பு மட்டும். அதைத் தொடக் கூடாது என்று மாமனார் குலுக்கையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்கு ஐந்து வயசில் ஒரு பெண் பிள்ளை, கடைக்குட்டி, அது பசி பசி என்று அவர் மடியிலேயே கிடந்து செத்தது. பெற்றவள் கல்லைத் தூக்கிக் குலுக்கையை உடைக்கப் போனாள், அவளையும் தள்ளிவிட்டார். பிள்ளையைப் புதைத்த பிறகு சர்க்கார் திறந்த கஞ்சித்தொட்டியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கஞ்சியையும் அவர் வாங்கவில்லை, பத்துப் பன்னிரண்டு நாளில் குலுக்கையோடு சாய்ந்தபடியே உயிர் போய்விட்டது. மறுவருஷம் மழை பெய்தது, அந்தக் கம்பை விதைத்துத்தான் மிச்சம் இருந்தவர்கள் பிழைத்தார்கள். உன் அப்பத்தா மட்டும் சாகும்வரை மனசு ஆறவில்லை. "பெத்த பிள்ளையக் காவு குடுத்து விதையக் காத்தாக, அந்த வெளச்சலத் தின்னுதான் நாம இருக்கோம், தூ" என்று ஒவ்வொரு தடவையும் துப்புவார்.

அந்தப் பேர் ஒரே ஒரு தடவை திரும்ப இந்த வீட்டுக்குள் வந்தது. உன் அப்பாவுக்கு மூத்தவர் ஒருவர் பிறந்தார், அவருக்கு முறைப்படி அந்தத் தாத்தா பேரைத்தான் வைத்தார்கள். மூன்று வயசில் அம்மை கண்டு அந்தப் பிள்ளை போய்விட்டது. ராசியில்லாத பேர் என்று அதற்குப் பிறகு யாருக்கும் வைக்கவில்லை, உன் அப்பாவுக்கு வேறு பேர் வைத்தார்கள். உன் அப்பத்தா அந்தப் பிள்ளையையும் 'மூத்தது' என்பாரே தவிர, மாமனார் பேராயிற்றே, பேரைச் சொல்லமாட்டார். ஆனாலும் உன் அப்பாவுக்குத் தெரியும். வருஷம் தவறாமல் ஆடி அமாவாசைக்குத் திருச்சுழி குண்டாற்றுக்குப் போவோம். ஆற்றில் தண்ணீர் ஏது, மணலைத் தோண்டி ஊற்று எடுத்து அதில் முழுகிவிட்டு உன் அப்பாவும் சித்தப்பா பூமிநாதனும் ஐயர் முன்னால் உட்காருவார்கள். நான் இருபது அடி தள்ளிக் கல்லடுப்பு மூட்டிப் பிண்டத்துக்குப் பச்சரிசி பொங்குவேன். இருபத்தாறு வருஷம் பொங்கியிருக்கிறேன் ராசா. இருபத்தாறு தடவை உன் அப்பா அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். சோறு குழைந்ததா, அடிபிடித்ததா என்று பார்த்தேனே தவிர ஒரு தடவை காது கொடுக்கவில்லை. காற்று என் பக்கம் அடித்த வருஷங்களும் இருந்திருக்குமே. அதை நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

பிறகு சுபானு வருஷம் ஆவணியில் வாந்திபேதி வந்தது. மார்கழிக் கடிதத்தில் நான் சுருக்கமாக எழுதினேன், எழுத மனசு இல்லை. உன் அப்பா காலையில் கடை திறந்தவர், சாயங்காலம் விளக்கு வைக்கும்போது இல்லை. தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாந்திபேதிக்குத் தண்ணீர் கொடுத்தால் ஆள் தேறாது என்று எல்லாரும் சொன்னார்கள், நான் கொடுக்கவில்லை. இப்போது புதிதாக வந்த டாக்டர் கொடுத்திருக்க வேண்டும் என்கிறார். மூன்றாம் நாள் பூமிநாதனும் போனான், அவனுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அண்ணன் தம்பி இரண்டு பேரோடும் அந்தப் பேர் போய்விட்டது, அப்போது அது எனக்குத் தெரியவும் இல்லை, தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் யார் கேட்டிருப்பார்கள்.

உன் கடிதம் வந்த மறுநாளே பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடுகிற பஸ்ஸில் ஏறித் திருச்சுழிக்குப் போனேன், நடுவழியில் இரண்டு தடவை நின்றது, இறங்கித் தள்ளினோம். நமக்குச் செய்துவைத்த ஐயர் இறந்து இரண்டு வருஷமாம். அவர் மகன் நல்ல பிள்ளை, மூன்று ஏட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தது. "அப்பா எல்லாத்தையும் மனசுலயேதான் வச்சிண்டிருந்தார் அம்மா, எழுதி வைக்கலை. பேர் தெரியலேன்னா பகவான் பேரைச் சொல்லிச் செய்யலாம், தோஷமில்லை" என்றது. எனக்கு மனசு ஒப்பவில்லை. பகவானுக்குப் போட ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. பட்டினியில் செத்த மனுஷனுக்கு எழுபது வருஷம் கழித்து ஒரு கை எள்ளுந்தண்ணீர் கொடுக்கிறோம், அதையும் சாமி பேருக்கு எழுதிக் கொடுத்தால் அவர் எங்கே போய்க் கேட்பார்.

அப்புறம்தான் பரளச்சியில் ஒச்சம்மாள் இருப்பது ஞாபகம் வந்தது. உன் தாத்தாவின் தம்பி பெண்சாதி, உனக்குச் சின்ன அப்பத்தா. உனக்கு ஞாபகம் இருக்காது, நீ கப்பல் ஏறுவதற்கு வெகுகாலம் முன்னாலேயே அவள் யாரோடும் போக்குவரத்து இல்லாமல் ஒதுங்கிவிட்டாள். பஞ்சத்துக்கு முந்தின வருஷம் ஏழு வயசில் தாலி கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தவள், இப்போது எண்பதைத் தொடுகிறாள். அந்தப் பெரியவரைக் கண்ணால் பார்த்த ஆள் பூமியில் அவள் ஒருத்திதான். வத்தல் லோடு இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய மாட்டுவண்டியில் ஏறிப் போனேன். அவளுக்குக் கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் பதறிப்போனாள். "ஏந்தாயி, எம் புருசனப் பெத்தவுக பேர நான் சொல்லவா, நாக்கு அழுகிப் போயிராதா" என்றாள். மூன்று நாள் அவள் வீட்டிலேயே இருந்தேன். குளிக்க வைத்தேன், தலை வாரினேன், கெஞ்சினேன். நாற்பது வருஷமாகத் தாலி இல்லாமல் இருக்கிறாயே, இனி உன்னை யார் கோபிக்கப் போகிறார்கள் என்றுகூடச் சொல்லிவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது. மூன்றாம் நாள் காலையில்தான் பினாங்குப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். "ரெண்டுமா போச்சு" என்று கேட்டாள். ரெண்டும்தான் என்றேன். பிறகு யாரும் கேட்காமல் அவளாகவே ஆரம்பித்தாள்.

"அக்கா சொல்லிக்கிட்டு அலையும், அவுக கல்நெஞ்சுன்னு. அக்காளுக்குத் தெரியாது. விடியக்காலம் எல்லாரும் கஞ்சித்தொட்டிக்குப் போனதும் என்னக் கூப்பிடுவாக. குலுக்கையோட அடிவாயத் தெறந்து ஒரு சின்னப் பிடி கம்பு, அந்த மடங்காத வெரலால அள்ளி என் வாயில போடுவாக. மெல்லு, சத்தம் போடாம மெல்லு, யாருகிட்டயும் சொல்லாதம்பாக. பாப்பாவுக்கு இல்லையா மாமான்னு கேட்டேன். அது நான் பெத்தது, என்னோட போகட்டும். நீ அடுத்தவுக பெத்த பிள்ள, என்னை நம்பிக் குடுத்திருக்காக, என் வீட்ல நீ சாகப்படாதுன்னாக. அன்னைக்கு முழுங்குனத இன்னைக்குத்தான் வெளிய சொல்றேன் தாயி." இப்படிச் சொன்னாள், அக்கா என்றது உன் அப்பத்தாவைத்தான். உன் அப்பத்தா துப்பித் துப்பிச் செத்தாரே, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவளே தண்ணீர் கேட்டு வாங்கி வாயைக் கொப்பளித்தாள். கிழக்கே திரும்பி, "மன்னிச்சுக்கோங்க மாமா, உங்க கொள்ளுப்பேரனுக்குத்தான் சொல்றேன்" என்று கும்பிட்டாள். நான் மறந்துவிடக் கூடாதென்று அடுப்புக்கரியைக் கையில் எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன். வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. முதலில் பயம் என்று நினைத்தேன். பயம் இல்லை ராசா, பேர் வரவில்லை. உள்ளங்கையால் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "வரலயே தாயி, மொகம் தெரியுது, வெரலு தெரியுது, பேரு வரலயே. எழுவது வருசமா வாய்க்கு வந்தத முழுங்கிக்கிட்டே இருந்தேன், உள்ளுக்குள்ளயே கரைஞ்சு போச்சே" என்று அழுதாள். நான் துணிந்து ஊரில் உள்ள பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். அது இல்லை, அது இல்லை என்றே தலையை ஆட்டினாள். அவர் பேர் என்னவெல்லாம் இல்லை என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். கரியைக் கீழே போட்டுவிட்டு அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் நீ இரண்டு பேருக்கு இறை. மூன்றாவதுக்கு ஐயர் என்ன சொல்கிறாரோ அதன்படி செய், ஆனால் நானாக ஒரு பேரைக் கட்டி எழுதி அனுப்ப மாட்டேன், செத்தவர்களிடம் பொய் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. உயிரோடு இருப்பவளிடம் சொல்லலாம். பொன்னுத்தாயிடம் ஊரிலிருந்து பேர் வந்துவிட்டது, மூன்று பேருக்கும் இறைத்தாயிற்று என்று சொல்லிவிடு, அவள் வயிற்றில் பயத்தை வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. பிறக்கப் போவது நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்ல என்னிடம் நம்பிக்கை எதுவும் மிச்சமில்லை. உன் அப்பா பேரை நான் இந்தக் காகிதத்தில் எழுதுகிறேன், காளிராஜ், எழுத்துக் கோணியிருந்தால் பொறுத்துக்கொள், இதுதான் முதல் தடவை. உன் தாத்தா பேரை எழுத இன்னும் கை வரவில்லை, அது உன் பேர்தானே, நீயே எழுதிக்கொள். இரண்டையும் பொன்னுத்தாயிடம் சொல்லி அவளைத் திருப்பிச் சொல்லச் சொல். சொல்லமாட்டாள், எனக்குத் தெரியும், நல்ல குடியில் பிறந்தவள். ஆனாலும் சொல்லிப் பார். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொல், பாரம் தூக்க வேண்டாம் என்று சொல், கிழங்கைத் தின்று காலம் தள்ளாமல் பாலும் மீனும் வாங்கிக் கொடு. நீயும் இளைத்திருப்பாய். துணைமாலை அம்மன் உங்களைக் காப்பாற்றட்டும், நீங்கள் இரண்டு பேரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், தட்டாமல் பதில் எழுது. இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை என்று ஒரு வரி எழுதினாய், பெரியது சின்னது என்று எழுதினாயே தவிர ஆணா பெண்ணா என்றுகூட எழுதவில்லை. பெரியது பெண் என்றால் முறைப்படி என் பேரைத்தான் வைத்திருப்பாய். அப்படியானால் கோகிலாம்பாள் என்று ஒருத்தி பினாங்கில் மண்ணுக்குள்ளே கிடக்கிறாள், இங்கே ஒரு கோகிலாம்பாள் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சின்னதுக்குப் பேர் வைக்கிற மட்டும் நாள் கிடைத்ததோ என்னவோ, கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுது, தொட்டிலில் என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று எழுது. பல் முளைத்ததா, யார் சாடை, எதற்குச் சிரிக்கும், எல்லாம் எழுது. அந்தப் பிள்ளைகளுக்கு நான் மருமகள் இல்லை, அப்பத்தா. அவர்கள் பேரை நான் வாய்விட்டுச் சொல்லலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோகிலாம்பாள்